100 மீட்டர் ஓடும் பையனை 300 ஓட விடுகிறார் கோச், டெபோகோதான் காரணமாம்!

அல்சூர் அப்பா:
பையனுக்கு 15 வயது. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் மெட்ரோ பிடித்து கப்பன் பார்க்கில் இறங்கி, கண்டீரவா ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போகிறேன். அவனுக்கு 100 மீட்டர்தான் உயிர். கோச் என்னடாவென்றால் ஒரு மாதமாக 300, 300 என்று ஓடவிட்டுப் பிழிகிறார். கேட்டால் "போட்ஸ்வானா டெபோகோவைப் பாருங்க சார்" என்கிறார். நீரஜ் சோப்ரா 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ராத்திரி, ஈட்டிக்கு நடுவே 200 மீட்டர் ஃபைனலும் காட்டினார்களே, அதில் ஜெயித்தவர் என்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். கோச் சொல்வதில் விஷயம் இருக்கிறதா?

பழைய ஸ்பைக்ஸ்:
இருக்கிறது சார். லெட்சிலே டெபோகோ அன்றைக்கு ஓடியது 19.46 வினாடி, ஆப்பிரிக்க சாதனை. அடுத்து வந்த அமெரிக்கர்கள் பெட்நரெக் 19.62, நோவா லைல்ஸ் 19.70. அந்த ஓட்டத்தின் கடைசி 50 மீட்டரைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இவர் வேகம் கூடுவது போலத் தெரியும், ஆனால் அந்தக் கட்டத்தில் யாருக்கும் வேகம் கூடாது, எல்லாரும் தளர்வார்கள், இவர் கொஞ்சம் குறைவாகத் தளர்கிறார், அவ்வளவுதான். அந்தத் தெம்பு 300, 400 ஓடித்தான் வரும். அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டோரியாவில் 300 மீட்டரை 30.69இல் ஓடினார், உலகில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. பாரிஸில் 200 முடிந்து இரண்டே நாளில் 4x400 ரிலேயில் ஆங்கராக, அதாவது கடைசி ஆளாக, இறங்கி 43.04 ஓடினார். அமெரிக்காவிடம் 0.10 வினாடியில் தங்கம் போனது. 100க்கு மட்டும் பழகிய உடம்பு இதைத் தாங்காது.

கோரமங்களா குமார்:
அண்ணா, பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். டெபோகோ முதலில் 100 மீட்டர்க்காரர். 2021 நைரோபியிலும் 2022 கொலம்பியாவின் காலி நகரிலும் ஜூனியர் உலகத் தங்கம் 100 மீட்டரில்தான், இரண்டு தடவையும் 200இல் வெள்ளி. காலியில் பாதி வழியிலேயே பக்கத்து லேன் பையனைத் திரும்பிப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டே போயும் 9.91, ஜூனியர் உலக சாதனை. 2023 புடாபெஸ்ட்டில் 9.88 ஓடி வெள்ளி. உலக சாம்பியன்ஷிப் ஆண்கள் 100 மீட்டரில் ஆப்பிரிக்காவுக்கே அதுதான் முதல் பதக்கம். பிறவி வேகம் உள்ளவனுக்கு மேலே 300 சேர்த்தால் பலன். இல்லாதவனை 300 ஓடவிட்டால் மூச்சுதான் வாங்கும். சாரின் பையன் 100 எவ்வளவில் ஓடுகிறான், அதை முதலில் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம் மீனா:
டைமிங் டைமிங் என்று பேசுகிறீர்களே. 2024 மே மாதம் அவர் அம்மா இறந்துபோனார். ஆகஸ்டில் அம்மாவின் பிறந்த தேதி எழுதிய ஷூவோடு ஓடி ஜெயித்து, அந்த ஷூவைக் கழற்றி கேமராவுக்குக் காட்டினார். சுமார் 25 லட்சம் பேர் உள்ள நாடு (நம் பெங்களூரு ஒரு கோடியைத் தாண்டியாயிற்று), அதன் முதல் ஒலிம்பிக் தங்கம். மறுநாள் மதியத்துக்கு மேல் நாட்டுக்கே லீவு விட்டார்கள்.

பழைய ஸ்பைக்ஸ்:
மேடம் சொல்வது சரி. குமாருக்கு ஒன்று: 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் 100 ஃபைனலில் ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகி வெளியே போனார், 200இல் 0.01 வினாடியில் வெண்கலம் போனது. கடைசியில் தங்கம் எதில்? 4x400 ரிலேயில். கூட ஓடிய மூவரும் 400 மீட்டர்க்காரர்கள்.

அல்சூர் அப்பா:
குமார், அவன் 100 மீட்டர் 11.9. எல்லாருக்கும் நன்றி. நேற்று அவனை உட்காரவைத்து இதையெல்லாம் படித்துக் காட்டினேன். காலி வீடியோவை மட்டும் பத்துத் தடவை பார்த்துவிட்டான். இன்று காலை 300இல் கடைசி ஆளாக வந்தான், ஆனால் விரலை ஆட்டிக்கொண்டே வந்தான். கோச் இன்னும் இரண்டு ரவுண்டு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.