புதுப்பிப்பு: அப்பாவின் மூச்சுத்திணறல்
கடுமையான கோவிட்டிலிருந்து மீண்ட அப்பாவுக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இப்போது ஆயர் ஈத்தாம் சந்தைக்கு அவரே நடந்து போகிறார். மாடிப்படியில்தான் சிரமம், பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுகிறார். "சோம்பேறியாயிட்டேன்டா" என்று அவர் வருந்துவதைத்தான் தாங்க முடியவில்லை. அது சோம்பல் இல்லைப்பா! ஊஹானில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை 6 மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்குக் களைப்போ தசைத் தளர்ச்சியோ இருந்தது. 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது.

அப்புறம், அடுத்த மாதம் நுரையீரல் செயல்திறன் சோதனை இருக்கிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.