பால் நிறைந்த மடியுடன் தன் குட்டியையே ஆடு முட்டித் தள்ளுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். தலை ஈற்றுச் செம்மறி ஒன்று ஈன்றவுடன் குட்டியை நன்றாகத் துடைத்து, குளிருக்கு அஞ்சி வேறிடத்தில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் கொண்டுவந்து விட்டபோது, தாய் முகர்ந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. மடியில் பாலுக்குக் குறைவில்லை. பாலைத் தரும் ஹார்மோன்களே பாசத்தையும் தருகின்றன என்றால், ஒன்றிருக்க மற்றொன்று எப்படி இல்லாமற்போகும்?

மறுமொழி 1:
இரண்டும் ஈற்றோடு தொடங்கினாலும் அவற்றின் வழிகள் வேறு. சினைக்காலத்தில் உயர்ந்திருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மடியை வளர்க்கும். ஆனால் பாலைப் பெருக விடாது. ஈற்றையொட்டி அது சரிந்ததும், பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் தடையின்றிச் செயல்படுவதால், குட்டி அருகில் இல்லாவிட்டாலும் பால் சுரக்கத் தொடங்கிவிடும்.

பாசத்திற்கோ, குட்டி பிறப்பு வழியை விரித்து வெளிவரும்போது உண்டாகும் அழுத்தமே தூண்டுகோல். அதை நரம்புகள் எடுத்துச் செல்ல, ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் மட்டுமன்றி மூளைக்குள்ளும் வெளிப்படுகிறது. மற்ற நாட்களில் ஆடு வெறுத்து விலகும் பனிக்குட நீரின் வாடை அவ்வேளையில் அதை ஈர்க்கிறது. நக்க நக்க, அந்தக் குட்டிக்கே உரிய மணம் சுமார் 2 மணி நேரத்திற்குள் மூளையில் பதிந்துவிடுகிறது. நீங்கள் துடைத்து எடுத்தது அந்த ஈரத்தைத்தான். பதியாமலே சில மணி நேரம் கடந்துவிட்டால், சொந்தக் குட்டியும் அதற்கு அயல் குட்டியே. தலை ஈற்று என்பதும் ஒரு காரணம்: முன்பே ஈன்று பழகிய ஆடுகளின் மூளை ஆக்சிடோசினுக்கு எளிதில் இணங்கும்.

மறுமொழி 2:
ஹார்மோனே எல்லாம் என்றும் எண்ண வேண்டாம். 1972-இல் டெர்கெல், ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும், அப்போதுதான் ஈன்ற எலியின் ரத்தத்தைக் கன்னி எலிக்குச் செலுத்தியபோது, அது ஒரு நாளைக்குள் குஞ்சுகளைப் பேணத் தொடங்கியது. ஆனால் ரத்தம் எதுவும் செலுத்தாமல், நாள்தோறும் குஞ்சுகளோடு விட்டுவைத்தாலே, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கன்னி எலியும் அவற்றை வாயில் கவ்விக் கூட்டில் சேர்க்கிறது. எனவே நாள் கடந்துவிட்டது என்று கைவிடாதீர்கள்.

மறுமொழி 3:
ஆட்டை அதட்டாமல் பிடித்துக்கொண்டு ஊட்டவிடுங்கள். மிரண்டால் அட்ரினலின் என்ற அச்ச ஹார்மோன் ஏறி, மடியிலிருந்து பாலை இறக்கும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடும். மடியில் பால் இருந்தும் இறங்காது. ஊட்டாமல் பால் தேங்கினாலோ சுரப்பே குறைந்துபோகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று மாலை பிடித்துக்கொண்டு ஊட்டவிட்டேன். இரண்டு முறை உதறியது; பிறகு அசைபோட்டுக்கொண்டே நின்று, ஒருமுறை தலையைத் திருப்பிக் குட்டியின் வாலடியை முகர்ந்தது. பிடியை விட்டதும் மீண்டும் முட்டியது. நாளையும் தொடர்கிறேன்.