ஒரே சைக்கிளா, வேலைக்கு ஒன்றா?

நெடுவழி:
எட்டு வருடமாக என்னிடம் ஒரே சைக்கிள்தான். வளைந்த ஹேண்டில், டிஸ்க் பிரேக், 38 மி.மீ. டயர், பின்னால் கேரியர். வேலைக்குப் போவது, சாமான் ஏற்றுவது, வார இறுதியில் குழுவோடு நீண்ட தூரம், எப்போதாவது காட்டுப்பாதை, எல்லாம் இதில்தான். இந்த வருடம் குழுவில் பின்தங்க ஆரம்பித்துவிட்டேன். கூட வருபவர்கள் எல்லாரும் 28 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக்கில் வருகிறார்கள், மண்ணில் ஓட்டும் நாளில் அதே ஆட்கள் வேறு வண்டியோடு வருகிறார்கள். போன வாரம் ஒருவர் "உங்க வண்டி எல்லாத்துக்கும் ஆகும், எதுக்கும் முழுசா ஆகாது" என்றார், அது மனதிலேயே நிற்கிறது. இதை விற்றுவிட்டு ரோட்டுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று என்று பிரித்துவிடலாமா? இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மண்தடம்:
பிரித்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நானும் ஐந்து வருடம் உங்களைப் போலத்தான், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். டயரை மாற்றலாம், கியரை மாற்றலாம், ஆனால் ஃபிரேமின் கோணத்தை யாராலும் மாற்ற முடியாது. ரோடு பைக்கில் முன்பக்கக் குழாய் தரையோடு சுமார் 73 டிகிரியில் நிற்கும், இன்றைய மலைப்பாதை வண்டியில் அது 65, 66 வரை சாய்ந்திருக்கும். செங்குத்தாக நின்றால் ஹேண்டில் சட்டென்று திரும்பும், குழுவோடு நெருக்கமாக ஓட்ட அது தேவை. ஆனால் அதே வண்டியை வேர் பின்னிக் கிடக்கும் இறக்கத்தில் விட்டால் முன் சக்கரம் கைக்கு நேர் கீழே வந்து, ஒரு கல்லில் முட்டினாலே ஆளைத் தூக்கி முன்னால் போட்டுவிடும் போல இருக்கும். நான் வளைந்த ஹேண்டிலின் மேல்பகுதியைப் பிடித்தபடி அப்படி ஓர் இறக்கத்தில் இறங்கி, கீழே வந்து சேர்ந்ததும் விரல்களை விரிக்க முடியாமல் பிரேக்கைப் பிடித்த நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன். அடுத்த மாதம் நண்பரின் மலைப்பாதை வண்டியில் அதே இறக்கம், இரண்டு விரல் பிரேக்கில், எந்த வேரைத் தாண்டுவது எதைச் சுற்றுவது என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பாதையே பிடித்தது.

ஒற்றைவண்டி:
மண்தடம் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர் பேசுவது வருடத்தில் சில நாள் போகும் பாதையைப் பற்றி. மீதி முந்நூறு சொச்சம் நாள் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1910-லேயே பிரெனீஸ் மலையின் உயரமான கணவாய்களில் ஏறிவிட்டது, அதுவும் மண் ரோட்டில். செயினைப் பல் விட்டுப் பல் நகர்த்திக் கியர் மாற்றும் டிரெய்லியர் 1937 வரை அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கப்படவே இல்லை. ஏற்றம் வந்தால் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பற்சக்கரத்தில் செயினை மாட்டி ஏறினார்கள். மலைப்பாதை சைக்கிளே எப்படி வந்தது? 1970-களில் கலிபோர்னியாவின் மெரின் பகுதியில் பழைய கனமான கடற்கரை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மலையேறி உருட்டிவிட்டவர்களிடமிருந்து வந்தது. கையில் இருந்ததை வைத்துத்தான் செய்தார்கள்.

அப்புறம் இன்னொன்று. ஒரே வண்டியை வருடக்கணக்கில் ஓட்டினால் அது உடம்போடு சேர்ந்துவிடும். வலது காலை அழுத்தும்போது மட்டும் வந்த ஒரு சின்ன 'டிக்' சத்தத்தை வைத்து, பெடல் மரை லூசாகிறது என்று ஓடும்போதே கண்டுபிடித்து இறங்கி இறுக்கினேன். மூன்று வண்டி வைத்திருந்தால் அந்தச் சத்தம் அந்த வண்டியின் வழக்கமான சத்தம் என்று நினைத்துப் போயிருப்பேன். சீட் உயரம் அரை செ.மீ. மாறினால்கூட எனக்கு முழங்காலில் தெரியும், வாரத்துக்கு மூன்று விதமான சீட்டில் உட்கார எனக்கு இஷ்டமில்லை.

மண்தடம்:
நீங்கள் சொன்ன மெரின் கதை என் பக்கத்துச் சாட்சி அண்ணா! அந்த இறக்கத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்ததே, ஒரு தடவை இறங்கினால் பின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், இருக்கும் பிரேக்கில் இருந்த கிரீஸ் எல்லாம் சூட்டில் எரிந்து போய், மறுபடி பிரித்துக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான். இருந்த வண்டி போதாது என்று தெரிந்துதான் தனியாக ஃபிரேம் செய்ய ஆரம்பித்தார்கள். 1972-இல் பெல்ஜியத்துப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் உலக சாதனையாக ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டியதும் அவருடைய ரோடு பந்தய வண்டியில் இல்லை, அதற்கென்றே எடை குறைத்துச் செய்த டிராக் (வட்ட ஓடுதளம்) வண்டியில். வேலை தெரிந்தவர்கள் வேலைக்கு ஏற்ற கருவியைத் தேடுவார்கள்.

ஒற்றைவண்டி:
தம்பி, நெடுவழி உலக சாதனைக்குப் போகவில்லை. வேலைக்குப் போகிறார், சாமான் வாங்கி வருகிறார்.

ஸ்போக்:
நான் ஐந்து வண்டி வைத்திருப்பவன், மற்றவர்களின் வண்டியையும் கழற்றி மாட்டுபவன். அதனால் யாரும் சொல்லாத பக்கத்தைச் சொல்கிறேன். வண்டி வாங்கும்போது ஐந்து மடங்கு சந்தோஷம் கிடைக்கலாம், வேலையும் ஐந்து மடங்குதான். என் பழைய ரோடு வண்டியின் பின் ஹப் 130 மி.மீ., மலைப்பாதை வண்டி 148 மி.மீ., இடையில் இருப்பது 142. எனவே ஒன்றின் சக்கரம் ஒன்றுக்குப் பொருந்தாது. ஒரு வண்டியின் பிரேக்குக்கு மினரல் ஆயில், இன்னொன்றுக்கு டாட் திரவம், அவசரத்தில் மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் உப்பிப் போய் லீவரே திரும்பி வராது. நான்கு மாதம் தொடாமல் விட்ட வண்டியின் டியூப்லெஸ் டயரைப் போன வாரம் பிரித்தேன். ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய பால் போன்ற திரவம் ஒரு சொட்டு இல்லை, உட்புறம் முழுக்க மெல்லிய தோல் போல ஒட்டிக்கொண்டு, வால்வு பக்கத்தில் கோலிக்குண்டு அளவு ரப்பர் உருண்டை கிடந்தது. ஓட்டாத வண்டிதான் சீக்கிரம் கெடும்.

அதற்காக ஒரே வண்டி போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே வண்டியில் ஸ்போக் அறுந்து கோட்டம் விழுந்தால் அன்றைக்கு நடைதான். நெடுவழி, விற்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல்?

நெடுவழி:
முன்னால் ஒரே பற்சக்கரம், 40 பல். பின்னால் 11-லிருந்து 42 வரை, மொத்தம் 11 கியர்.

ஸ்போக்:
நினைத்தேன். குழு எந்த வேகத்தில் போகும்? மணிக்கு 32 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேசட்டில், அதாவது பின் பற்சக்கர அடுக்கில், வழக்கமாக 11, 13, 15, 17 என்றுதான் பற்கள் வரும். அந்த வேகத்தில் 15-இல் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 92 மிதி, அடுத்த கியருக்குத் தட்டினால் சட்டென்று 80-க்கு விழும். நடுவில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஓட்டுபவரிடம் இதே 40 பல்லோடு 11-28 கேசட் இருந்தால் 13, 14, 15 மூன்றும் இருக்கும், அவர் 86-இல் சௌகரியமாக மிதித்துக்கொண்டிருப்பார். குழுவின் வேகம் கொஞ்சம் கூடிக் குறையும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒன்று பதறி மிதிக்கிறீர்கள், இல்லை பாரமாக அழுத்துகிறீர்கள். இரண்டு மணி நேரம் அப்படிப் போனால் கால் தீர்ந்துவிடும், அதைத்தான் நீங்கள் "பின்தங்குகிறேன்" என்று சொல்கிறீர்கள். அப்புறம் சமதளத்தில் 30-ஐத் தாண்டினால் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகும். கேரியரும் அதன் பக்கப்பையும் மாட்டியபடி குழு ஓட்டத்துக்கு வருகிறீர்களா?

நெடுவழி:
ஆமாம், கேரியர் எப்போதும் மாட்டியபடிதான் இருக்கும். பையையும் பெரும்பாலும் கழற்றுவதில்லை. கழற்ற வேண்டும் என்றே தோன்றியதில்லை.

ஸ்போக்:
அப்படியானால் வண்டியை விற்க வேண்டாம், இன்னொரு ஜோடி சக்கரம் வாங்குங்கள். அதில் 30 அல்லது 32 மி.மீ. மென்மையான டயர், 11-28 கேசட். இப்போதைய சக்கரத்தில் மண் டயரும் 11-42-உம் அப்படியே இருக்கட்டும். செயின் நீளத்தை மாற்ற வேண்டியதில்லை, சின்ன கேசட்டில் டிரெய்லியரின் மேல் சக்கரம் கொஞ்சம் தள்ளி நிற்பதால் கியர் விழுவது ஒரு நூல் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, டிஸ்க் தட்டு இரண்டு சக்கரத்திலும் ஒரே இடத்தில் நிற்காது, பிரேக் பேடில் உரசும். ஆறு போல்ட் தட்டாக இருந்தால் அடியில் 0.2 மி.மீ. தகடு வைத்துச் சரிசெய்யலாம். இரண்டு, ஒரே செயின் இரண்டு கேசட்டிலும் ஓடும். செயின் தேய்ந்து 0.5 சதவீதம் நீண்ட பிறகும் ஓட்டினால் இரண்டு கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும், அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மண்தடம்:
இரண்டு ஜோடி சக்கரத்தை நானும் வைத்திருந்தேன் ஸ்போக் அண்ணா. முதல் மாதம் மாற்றினேன், இரண்டாம் மாதம் மாற்றினேன், அப்புறம் காலை ஐந்தரைக்குத் தூக்கக் கலக்கத்தில் ஆக்சிலைக் கழற்றிக்கொண்டு நிற்க மனசில்லாமல், எந்தச் சக்கரம் மாட்டியிருக்கிறதோ அதோடு எங்கே போக முடியுமோ அங்கே போனேன். தனி வண்டி என்றால் சுவரிலிருந்து எடுத்துக் காற்றைச் சோதித்துக் கிளம்ப வேண்டியதுதான். கிளம்புவதற்கு ஐந்து நிமிடமா இருபது நிமிடமா என்பதுதான் நான் ஓட்டப் போகிறேனா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. காட்டுப்பாதை நெடுவழிக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் சக்கரம் மாற்றுவதால் அந்த இறக்கத்தின் பயம் போகாது, இதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

ஒற்றைவண்டி:
கிளம்பும் நேரத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் அதுவே ஒரே வண்டிக்கான காரணம். எனக்கு எதை எடுப்பது என்ற கேள்வியே வருவதில்லை.

நெடுவழி:
எல்லாருக்கும் நன்றி. இன்று மாலையே கேரியரைக் கழற்றினேன். எட்டு வருடத்து மண், அதன் கீழ் போல்ட் இரண்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பையும் கேரியரும் இல்லாமல் வழக்கமான பாதையில் ஒரு சுற்று போய் வந்தேன், எதிர்காற்றில் வித்தியாசம் தெரிந்தது. மண்தடம் கேட்டதற்கு: யோசித்துப் பார்த்தால் இந்த வருடம் காட்டுப்பாதைக்கு நான்கே தடவைதான் போயிருக்கிறேன், அதில் இரண்டு தடவை இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். பயத்தால் போகவில்லையா, பிடிக்காமல் போகவில்லையா என்று தெரிய வேண்டும், அதனால் அடுத்த முறை ஒரு மலைப்பாதை வண்டியை இரவல் வாங்கி அதே இடத்தில் இறங்கிப் பார்க்கப் போகிறேன். விற்பதைப் பற்றி அதற்கு அப்புறம்தான். அதுவரை 11-28 கேசட்டோடு இரண்டாவது ஜோடி சக்கரம்.

ஸ்போக், என் டிஸ்க் தட்டு ஆறு போல்ட் இல்லை, நடுவில் ஒரே வளையம் போட்டு இறுக்கும் வகை. அதற்கும் தகடு கிடைக்குமா?

ஸ்போக்:
கிடைக்கும், ஆனால் வளையம் மாதிரி வட்டமாக இருக்கும், ஹப்பின் பல்லில் கோர்த்துவிட்டுத் தட்டை மாட்ட வேண்டும். முதலில் தகடு இல்லாமல் மாட்டிப் பாருங்கள். சில ஹப்புகளில் உரசவே உரசாது.