கால் எலும்பில் விரிசல்: 612 நாள் தொடர் அறாமல் காப்பாற்ற வழி உண்டா?

தொடர்_ஓட்டக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே சத்தம் போடாமல் படித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 41, கணக்கு எழுதும் வேலை. 612 நாளாக ஒரு நாள் விடாமல் ஓடுகிறேன். குறைந்தது 5 கிலோமீட்டர் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி.

மூன்று வாரமாக இடது காலில், முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாக ஒரு வலி. முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது. அப்புறம் ஓட ஆரம்பிக்கும்போதே. இப்போது படி இறங்கினாலே வலிக்கிறது. விரல் நுனியால் ஓர் இடத்தில் அழுத்தினால் உயிர் போகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அன்று மாலையே 8 கிலோமீட்டர் ஓடினேன். பிறகு எம்ஆர்ஐயில் மாட்டிக்கொண்டேன். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்பில் விரிசல். ஆறு வாரம் ஓட்டம் என்ற பேச்சே கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

கேள்வி இதுதான். தொடர் அறாமல் இருக்க ஏதாவது வழி உண்டா? டிரெட்மில்லில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக 5 கிலோமீட்டர் போனால் கணக்கில் சேருமா? இடுப்பளவு தண்ணீரில் ஓடினால்? வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

இன்னொன்று. என் மனைவி இதை அடிமைத்தனம் என்கிறாள். குடிக்கு அடிமையானவரை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன் நான், அது வேறு. ஓட ஆரம்பித்து 14 கிலோ குறைந்திருக்கிறேன், பிரஷர் மாத்திரை நின்றிருக்கிறது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, அவ்வளவுதான். நல்ல பழக்கத்தைப் போய் யாராவது வியாதி என்பார்களா?

இரும்புப்பிடி:

வலி எல்லாம் மனசுலதான் தலைவா. 612 நாள் சும்மா இல்ல. நல்லா டேப் சுத்திட்டு ஓடுங்க, ரெண்டு நாள்ல பழகிடும். ஓய்வுன்னு உக்காந்தவன் எவனும் திரும்ப எழுந்ததா சரித்திரம் இல்ல.

ஃபிசியோ_அக்கா:

மேலே இருக்கும் பதிலை யாரும் கையில் எடுக்க வேண்டாம். விரிசல் விட்ட எலும்பில் டேப் ஒட்டுவது, உடைந்த பாலத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி.

தம்பி, 17 வருடமாக இந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எலும்பு கல் இல்லை, தினமும் தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொள்கிறது. ஓடும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத சிதைவுகள் வரும். ஒரு வகை செல்கள் அந்த இடத்தைத் தோண்டி எடுக்கும், இன்னொரு வகை வந்து புது எலும்பால் நிரப்பும். தோண்டும் வேலை சில வாரத்தில் முடியும், நிரப்பும் வேலைக்கு மாதக்கணக்கு ஆகும். நடுவில் இடைவெளி விடாமல் ஓடினால் பள்ளம் மட்டும் பெரிசாகிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே பொய் சொல்வது சகஜம், அதனால்தான் எம்ஆர்ஐ.

வலி உள்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒழுங்காகச் சேர்ந்துவிடும் இடம் அது. அதே எலும்பின் முன்விளிம்பில் வந்திருந்தால் சேர மறுத்து, சிலருக்கு அறுவை வரை போகும். அந்த வகையில் அதிர்ஷ்டக்காரர் நீங்கள். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வலி மாத்திரை எலும்பை ஒட்டவைக்காது. வலி சொல்ல வருவதை உங்கள் காதுக்கு எட்டாமல் செய்யும், அவ்வளவுதான். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் தனிச் சுமை வேறு.

இடுப்பளவு தண்ணீரிலும் உடம்பு எடையில் பாதி காலில்தான் இறங்கும். மிதவை பெல்ட் கட்டி, தரையில் கால் படாமல் ஆழத் தண்ணீரில் ஓடுவது ஒன்று இருக்கிறது. நடக்கும்போது வலி முழுக்க நின்ற பிறகு, உங்கள் டாக்டர் சரி என்றால், நான்காம் வாரம் வாக்கில் அதைப் பார்க்கலாம். இப்போது இல்லை.

பழைய_மாரத்தான்_கட்டை:

சகோ, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். கால் குணமாக என்ன செய்வது என்று ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை. எண் பிழைப்பதற்குத்தான் வழி கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியே கேட்டவன், அதனால் சொல்கிறேன்.

எனக்கு 54 வயது. நான்கு வருடம் ஒரு நாள் விடவில்லை. அப்பா ஐசியுவில் இருந்தபோது இரவு பதினொன்றரைக்கு, ‘மருந்து வாங்கி வருகிறேன்’ என்று தம்பியிடம் சொல்லிவிட்டு இறங்கி, மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி ஓடினேன். 43 சுற்று. இன்னும் நினைவிருக்கிறது. திரும்பி வந்தபோது வேர்வையைப் பார்த்துத் தம்பி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு அப்பா பிழைத்துக்கொண்டார், அது என் புண்ணியம் இல்லை.

அந்த 43 சுற்றில் ஒன்றிலும் சந்தோஷம் இல்லை. முதல் வருடம் ஓடினால் மனசு லேசாகும். மூன்றாம் வருடத்தில் ஓடாவிட்டால் வருகிற படபடப்பை அடக்கத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த மாற்றம் எந்த மாதம் நடந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. உடற்பயிற்சி எப்போது அடிமைத்தனமாக மாறுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், கிலோமீட்டரை எண்ணாதீர்கள். உலகத்தின் முன்னணி மாரத்தான் வீரர்கள் வாரத்துக்கு 160, 200 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். ஆனால் காயம் என்றால் நிறுத்துகிறார்கள். பயிற்சியாளர் ‘இன்று மெதுவாக’ என்றால் மெதுவாகப் போகிறார்கள். உங்களால் முடிகிறதா?

1970-இல் ஃபிரெடரிக் பேக்லேண்ட் என்ற மருத்துவர், உடற்பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் தூக்கம் எப்படி இருக்கும் என்று ஆராய ஆள் தேடினார். தினமும் பயிற்சி செய்கிறவர்கள் காசு தருகிறேன் என்றாலும் நிறுத்த ஒப்புக்கொள்ளவில்லை. வாரம் மூன்று நான்கு நாள் செய்கிறவர்களை வைத்துத்தான் ஆய்வை முடித்தார். அவர்களுக்கே தூக்கம் கெட்டு, பதற்றம் கூடியது. இதைப் படித்தபோது, அந்த ஒப்புக்கொள்ளாத கூட்டத்தில் என் முகம் எனக்குத் தெரிந்தது.

2004-இல் வந்த ஒரு சின்னக் கேள்வித்தாள் உண்டு, ஆறே ஆறு வாக்கியம். வாழ்க்கையில் இதுதான் முதலிடமா, இதனால் வீட்டில் சண்டை வருகிறதா, மனநிலையை மாற்ற இதைப் பயன்படுத்துகிறேனா, அளவு கூடிக்கொண்டே போகிறதா, விட்டால் எரிச்சல் வருகிறதா, குறைத்தாலும் பழைய அளவுக்கே திரும்புகிறேனா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 24-ஐத் தொட்டால் எச்சரிக்கை. அது நோய்க்கணிப்பு இல்லை, சும்மா ஒரு கண்ணாடி. எனக்கு 28 வந்தது. பரீட்சையில்கூட அவ்வளவு வாங்கியதில்லை.

‘அடிமைத்தனம்’ என்ற சொல்லை வைத்து மனைவியிடம் வாதாடினால் நீங்கள் ஜெயிக்கலாம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில், 2013-இல் குடி, போதைப்பொருள் சாராத அடிமைத்தனமாகச் சூதாட்டத்தை மட்டும்தான் சேர்த்தார்கள், உடற்பயிற்சியை அல்ல. ஜெயித்து என்ன செய்யப்போகிறீர்கள்?

ரான் ஹில்லைச் சொல்வீர்கள் என்று தெரியும், நானும் அவரைக் காட்டித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன். 1970-இல் பாஸ்டன் மாரத்தான் வென்றவர். 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 வருடத்துக்கு மேல், தினமும் ஒரு மைலாவது ஓடினார். காலில் கட்டுப் போட்டிருந்தபோது ஊன்றுகோலோடு போனார். கடைசியில் ஓடும்போதே நெஞ்சு வலித்தது. அப்போதும் அந்த மைலை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். ஒரு காலத்தில் இது எனக்கு வீரக்கதை. இப்போது படித்தால் அந்த வீட்டில் இருந்தவர்கள் அன்று என்ன பாடுபட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று இனி பத்துப் பேர் வந்து எழுதுவார்கள். அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. உதவியது ஒரு மனநல ஆலோசகர். ‘ஓடாவிட்டால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்?’ என்று கேட்டார். எனக்கு வாயே திறக்கவில்லை. பதில் சொல்ல நாலு வாரம் ஆனது.

தொடர்_ஓட்டக்காரன்:

அண்ணா, நேற்றே படித்துவிட்டேன். கோபம் வந்தது, அதனால் உடனே எழுதவில்லை. உங்கள் அளவுக்கு நான் போகவில்லை என்று நான்கு பத்தி எழுதி அழித்தேன்.

மகள் பள்ளி ஆண்டு விழாவில் அவள் நடனம் ஏழு மணிக்கு. ஆறரைக்குள் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். 4.6 கிலோமீட்டரில் மணி ஆறே முக்கால். திரும்பியிருக்கலாம். மீதி 400 மீட்டரையும் முடித்துவிட்டுப் போனேன், அவள் மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ‘அப்பா பார்த்தீங்களா?’ என்றாள். பார்த்தேன் என்றேன். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த ஆறு கேள்வியில் எனக்கு 26.

ஆனால் ஆறு வாரத்தில் எல்லாம் போய்விடாதா? இரண்டு வருட உழைப்பு.

வேகநடை:

போகாது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் முழுக்க நிறுத்தினால் மூன்று வாரத்தில் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் சுமார் 7 விழுக்காடு குறைந்ததாக 1984-லேயே அளந்திருக்கிறார்கள். ரத்தத்தின் நீர் அளவு குறைவதுதான் அதற்கு முக்கியக் காரணம், திரும்ப ஆரம்பித்தால் சீக்கிரம் வந்துவிடும்.

நான் கேட்க வந்தது வேறு. 14 கிலோ குறைந்தீர்களே, நின்றதா, இன்னும் குறைகிறதா? ஓடிய தூரத்துக்கு ஏற்றபடி சாப்பிடுகிறீர்களா, இல்லை ஓடினால்தான் சாப்பிடத் தகுதி என்று வைத்திருக்கிறீர்களா?

எனக்கு ஐந்து மாதம் மாதவிடாய் நின்றுபோயிருந்தது. வசதியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்! இளைத்துவிட்டாய், அழகாக இருக்கிறாய் என்று ஊரே பாராட்டிக்கொண்டிருந்தது. பாதத்தில் எலும்பு விரிசல் விட்ட பிறகுதான் ஒரு மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். முதலில் ஹார்மோனில் கைவைக்கும், பிறகு எலும்பில். முன்பு இதைப் பெண் விளையாட்டு வீரர்களின் பிரச்சினை என்றுதான் நினைத்தார்கள். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து, ஆண்களுக்கும் வரும் என்று சொன்னார்கள். ஆண்களுக்கு மாதவிடாய் மாதிரி வெளிப்படையான மணி அடிக்காது. டெஸ்டோஸ்டிரோன் குறையும், தாம்பத்திய ஆசை குறையும், எப்போதும் குளிரும், களைப்பாக இருக்கும். எலும்பு விரிசல் விட்டபோதுதான் பலருக்குத் தெரிகிறது. விட்டமின் டியோடு இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தொடர்_ஓட்டக்காரன் (9 நாள் கழித்து):

ரத்தப் பரிசோதனை வந்தது. விட்டமின் டி தரை தட்டியிருக்கிறது. வேகநடை கேட்டது சரிதான், ஓடாத நாளே இல்லாததால் அப்படி ஒரு விதி வைத்திருந்தது எனக்கே தெரியவில்லை. இந்த ஒன்பது நாளில்தான் சாப்பாட்டு வேளையில் கை தயங்குவதைக் கவனித்தேன். அடுத்த வாரம் ஓர் ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், மனைவியும் வருகிறாள்.

முதல் மூன்று நாள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நான்காம் நாள் காலை ஐந்து மணிக்கு முழிப்பு வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் எழுந்து வந்து, உடம்பு சரியில்லையா அப்பா என்றாள். ஆண்டு விழா வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். பார்த்ததாகச் சொன்னீங்களே என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் போட்டுக் காட்டினாள். அவள் இடது ஓரத்தில் இரண்டாவது வரிசை.

வாட்சை டிராயரில் வைத்துவிட்டேன். சார்ஜ் போடவில்லை.

ஃபிசியோ அக்கா, ஒரே ஒரு சந்தேகம். அந்த மிதவை பெல்ட் ஓட்டத்தை நான்காம் வாரம் என்றீர்களே, நடக்கும்போது இப்போதே வலி இல்லை, அதனால் இரண்டாம் வாரத்திலேயே…

சரி, விடுங்கள். கேட்கவில்லை.

ஃபிசியோ_அக்கா:

நானும் படிக்கவில்லை, தம்பி. நான்காம் வாரம் வாருங்கள்.