‘கொலெரிஸ்க்’: ‘அழற்குணம்’ பொருந்துமா?

அன்புடையீர்,

சுவீடிய, டேனிய, நார்வேஜிய மொழிகளில் சட்டெனச் சினங்கொள்பவரைக் குறிக்கும் ‘கொலெரிஸ்க்’ என்ற பெயரடைக்குப் ‘பித்தர்’ என்ற சொல்லைப் பரிந்துரைத்திருந்தீர்கள். வேரைப் பார்த்தால் அது சரியே. கிரேக்கத்தில் ‘கொலே’ என்பது பித்தநீர். அதன் வழிப் பெயரடை இலத்தீனுக்குள் சென்று, அங்கிருந்து வடபுல மொழிகளுக்குப் பரவியது. ஆனால் ‘பித்தா பிறைசூடி’ என்று சுந்தரர் பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பித்தர் என்றால் பித்துப் பிடித்தவர்தாம், சினத்தவர் அல்லர்.

வேறொரு சிக்கலும் உண்டு. பண்டைக் கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீஸின் மரபு நூல்கள் குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடலின் நீர்மங்களை நான்காக வகுத்தன, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் அக்கொள்கையை விரித்து எழுதினார். சினத்துக்கு மஞ்சள் பித்தமும், ஆறாத் துயருக்குக் கரும்பித்தமும் காரணமெனக் கருதப்பட்டதால், வெறுமனே ‘பித்தக்குணம்’ என்றால் எது என்று தெரியாது.

சுவீடனில் இச்சொல்லுக்கு ஒரு கசப்பான வரலாறும் இருக்கிறது. உயிரினங்களை வகைப்படுத்தும் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 1758இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் சுவீடிய இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ், அமெரிக்கப் பழங்குடியினருக்கு இந்தக் குணத்தையும், ஐரோப்பியருக்குக் குருதியின் குணத்தையும், ஆசியருக்குக் கரும்பித்தத்தையும், ஆப்பிரிக்கருக்குச் சளியையும் இலத்தீனில் சூட்டினார். அந்தப் பகுதியைத் தமிழாக்குபவர் ‘முன்கோபி’ என்று எழுதிவிட்டால், ஒரு பழைய மருத்துவக் கொள்கை மக்களை இனவாரியாகத் தரம்பிரிக்கப் பயன்பட்ட கொடுமை வாசகர் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆகவே ‘அழற்குணம்’, ‘அழற்குணத்தர்’ என்பவற்றை முன்மொழிகிறேன். ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று குறள் சுட்டுபவற்றை வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (சளி) என்று சித்த மருத்துவத்தார் விரிப்பர். அங்கே பித்தத்துக்குப் பெயரே அழல். கிரேக்கரும் மஞ்சள் பித்தத்தை வெப்பமும் வறட்சியும் உடையதென்று கொண்டு நெருப்போடும் கோடையோடும் சேர்த்தே எண்ணினர். எனினும் அவர்களுடைய நான்கும் நம்முடைய மூன்றும் ஒன்றல்ல என்ற குறிப்பைச் சொற்பதிவிலேயே சேர்த்துவிட வேண்டும். சளியின் குணத்தை ‘ஐயக்குணம்’ என்றால் சந்தேகப் புத்தி என்று படிக்கப்படும் என்பதால், அதற்குச் ‘சளிக்குணம்’ என்பதே தகும்.

இன்றைய சுவீடியர் ஒருவர் தம் மேலாளரைக் ‘கொலெரிஸ்க்’ என்று சொல்லிப் புலம்பும் இடத்தில் மட்டும் ‘முன்கோபி’ என்றே எழுதலாம். அங்கே யாரும் பித்தநீரை நினைப்பதில்லை.