மலேசியாவில் இறங்கியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், மறுபடி போக என்ன வழி?

அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் கீழக்கரை. இந்த மாதம் 6-ம் தேதி திருச்சியிலிருந்து மலேசியா போன என் தம்பியை உள்ளே விடவில்லை. ஒரு நாள் முழுக்க ஓர் அறையில் உட்கார வைத்து, போன கம்பெனியின் விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே இருக்கும் லாத்தாவுக்கு (அக்காவுக்கு) கொடுத்துவிட்ட தொதல் இனிப்புப் பொட்டலம் கட்டு பிரியாமல் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

வயது 24, முதல் வெளிநாட்டுப் பயணம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம் என்பதால் விசா எடுக்கவில்லை. டிஜிட்டல் வருகை அட்டை இரண்டு நாள் முன்பே போட்டாச்சு. ரிட்டர்ன் டிக்கெட் 28-வது நாளுக்கு. கையில் 300 ரிங்கிட். அதுதான் வினையோ என்னவோ. எங்கே தங்குவாய் என்றதற்கு "அக்கா வீடு" என்றானாம்; முகவரி வாட்ஸ்அப்பில், போனில் நெட் இல்லை. வேலைக்கு வந்தவன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள் போல. கொடுத்த தாளில் 'நாட் டு லேண்ட்' (உள்ளே நுழைய அனுமதி இல்லை) என்று மட்டும் புரிகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை எதுவும் இல்லை.

விமானக் கம்பெனியிடம் கேட்டோம், கைவிரித்துவிட்டார்கள். தூதரகத்துக்கு இரண்டு மெயில், பதில் இல்லை. டிக்கெட் போட்ட ஏஜென்ட் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு போகச் சொல்கிறார். பாஸ்போர்ட்டை மாற்றினால் கைரேகையும் மாறுமா?

லாத்தாவுக்குப் பிரசவம் அடுத்த மாதம். இப்படித் திரும்பி வந்து, மறுபடி போய் உள்ளே நுழைந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இரண்டாம் முறை கையில் என்னென்ன காகிதம் கொண்டு போனீர்கள்?