நகராட்சி ஹால் 30க்கு 25 அடி, பின்னால் 90க்கு 60 அடி திடல்: இளைஞர் மையத்துக்கு எதை வைப்பது, எதை விடுவது?

டெல்டா_வார்டு

எங்கள் வார்டில் நகராட்சியின் பழைய சமுதாயக்கூடத்தை இளைஞர் மையமாக நடத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு வாய்வார்த்தைதான். ஹால் 30க்கு 25 அடி, கூரை உயரம் 11 அடி, இரண்டு ஃபேன். பின்னால் 90க்கு 60 அடி காலி இடம். அசல் களிமண்: மழையில் செருப்பைப் பிடுங்கும், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வரப்போகிறவர்கள் 12 முதல் 22 வயது வரை. பையன்கள் ஷட்டில், கபடி, வாலிபால் கேட்கிறார்கள். பெண் பிள்ளைகள் கேரமும் சிலம்பமும். கையில் ஒன்றரை லட்சம். எதை முதலில் வாங்குவது? கபடி, வாலிபால் இரண்டும் அந்தத் திடலில் அடங்குமா?

கேரம்_பெஞ்ச்

ஹாலுக்குள் ஷட்டிலை மறந்துவிடுங்கள். கோர்ட் மட்டுமே 44க்கு 20 அடி. அது அடங்கினாலும் 11 அடிக் கூரைக்குக் கீழே தூக்கி அடிக்கிற ஒவ்வொரு பந்தும் ஃபேன் றெக்கையில்தான் போய் முடியும்.

30 அடிச் சுவரை ஒட்டி 13 அடி அகலத்தை டேபிள் டென்னிஸுக்கு ஒதுக்குங்கள். மேஜை 9க்கு 5 அடி, ஆக இரு முனையிலும் ஆடுகிறவருக்குப் பின்னால் பத்தடிக்கு மேல் கிடைக்கும். பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு இது தாராளம். மீதி 12 அடியில் மூன்று கேரம் போர்டு ஒரே வரிசையில். ஒரு போர்டுக்கு ஸ்டூலோடு சேர்த்து 8க்கு 8 அடி வேண்டும். நடக்க 4 அடி மிஞ்சும். நடுவில் கூரையிலிருந்து நைலான் வலை தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் சிவப்புக் காயைப் போடப் போகிற நேரத்தில் பந்து போர்டில் வந்து விழும், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

வலையால் தடுக்க முடியாத ஒன்று போரிக் பவுடர். ஃபேன் காற்றில் தரை முழுக்கப் பரவும். சிமென்ட் தரையில் அது எண்ணெய் மாதிரி, டேபிள் டென்னிஸ் ஆடுகிறவன் பக்கவாட்டில் கால் வைத்ததும் வழுக்கிவிடும். போர்டு வரிசைக்கு நேர் மேலே உள்ள ஃபேனைக் கழற்றிச் சுவர் ஃபேனாக மாற்றுங்கள், தினமும் ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணி போட்டுத் துடைக்க வையுங்கள். பவுடரைச் சிட்டிகை அளவுதான் தூவ வேண்டும். காய் ஓடவில்லை என்று அள்ளிக் கொட்டுவார்கள்; கோளாறு பெரும்பாலும் பவுடரில் இருக்காது, போர்டில் இருக்கும். ஆடி முடித்துக் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொட விடாதீர்கள், அது வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள்.

போர்டு வாங்கும்போது ஆடுபரப்பு 74க்கு 74 செ.மீ. இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். பிளைவுட் 8 மி.மீ.க்குக் குறைந்தால் கார்த்திகை ஈரத்திலேயே நடுவில் பள்ளம் விழும். 12 மி.மீ. எடுத்தால் நிம்மதி. கடையிலேயே சோதிக்கலாம்: ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தால் எதிர்ச் சட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்குமாக மூன்றரை தடவை போய்வர வேண்டும். பிறகு கோடு முழுக்க மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாக ஒதுங்கினால் அந்தப் போர்டு வேண்டாம். ஸ்டாண்டு உயரம் 63 முதல் 70 செ.மீ. வீட்டு டீப்பாய்மேல் வைத்துக் குனிந்து ஆடினால் பையன்களுக்கு முதுகு போய்விடும். ராத்திரியில் சுவரில் சாத்தி வைக்காதீர்கள், அப்படித்தான் பலகை வளைகிறது. ஸ்டாண்டிலேயே படுக்கையாக விட்டுத் துணி போட்டு மூடுங்கள். மண்ணெண்ணெய், தண்ணீர் எதுவும் படக் கூடாது, காய்ந்த பருத்தித் துணி போதும்.

கேரமை டைம்பாஸ் கணக்கில் தள்ளுகிறவர்களுக்கு: 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் எடுத்த காசிமாவும் சென்னைப் பெண்தான்.

நடுக்கோடு

இரண்டும் அடங்கும், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர், சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15. ஆண்கள் கபடி 13க்கு 10 மீட்டர், சுற்றிலும் 4 மீட்டர் விட்டால் 21க்கு 18. உங்கள் திடல் ஏறக்குறைய 27.4க்கு 18.3 மீட்டர். ஆக ஒன்றின்மேல் ஒன்றாக, நடுக்கோடு இரண்டுக்கும் ஒன்றாக வரும்படி போட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் பல ஊரில் தப்பு நடக்கிறது. வாலிபால் கம்பம் பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அதாவது நடுவிலிருந்து 5 முதல் 5.5 மீட்டர். கபடியின் லாபிக் கோடு, அதாவது பக்க எல்லைக் கோடு, நடுவிலிருந்து சரியாக 5 மீட்டர். கம்பத்தை நிரந்தரமாகக் கான்கிரீட்டில் நட்டுவிட்டால், பாடி வருகிற ரைடரைத் தள்ளிக்கொண்டு போகிற செயின் (கைகோர்த்துப் பிடிக்கிறவர்கள்) நேராக இரும்பில் போய் மோதும். அதனால் கம்பம் கழற்றுகிற மாதிரிதான் இருக்க வேண்டும். 3 இஞ்ச் ஜி.ஐ. பைப் கம்பம், அது லூசாக இறங்குகிற அளவுக்கு 4 இஞ்ச் பைப் உறை. உறையை ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட்டில் இறக்கி, வாயை மண் மட்டத்துக்கு 2 இஞ்ச் கீழே முடியுங்கள். கபடி நாளில் மரக்கட்டையால் அடைத்து மேலே மண் போட்டு மூட வேண்டும். உறையின் அடியில் கான்கிரீட் போடாமல் ஜல்லி போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நின்று ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துக் கம்பம் உள்ளேயே இறுகிவிடும்.

வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கம்பத்தில் இரண்டுக்கும் கொக்கி வெல்டு செய்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே ஒன்று. பெண்கள் கபடிக்குக் களம் 12க்கு 8 மீட்டர். ஆண்கள் கோட்டிலேயே ஆடச் சொல்லாதீர்கள், ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் கோடும் அவர்களுக்கு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இல்லை, 3 மீட்டரில்.

களிமண்மேல் நேராகச் செம்மண் கொட்டினால் முதல் மழையிலேயே இரண்டும் குழைந்துவிடும். மேல் களியை 4 இஞ்ச் வெட்டி எடுத்து, கிராவல் 4 இஞ்ச் போட்டு ரோலர் ஓட்டுங்கள். அதன்மேல் செம்மண் மூன்று பங்குக்கு மணல் ஒரு பங்கு, இதுவும் 4 இஞ்ச். மேல்மண்ணை 15க்கு 12 மீட்டருக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரும். உருட்டியதும் இறுகும் என்பதால் எட்டு யூனிட் சொல்லுங்கள். டெல்டாவுக்குச் செம்மண் வல்லம், பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், லோடு வாடகையைக் கணக்கில் வையுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அதன் முனைகள் முழங்காலைச் சீவிவிடும். எதைக் கொட்டினாலும் சல்லடையில் சலித்த பிறகுதான். கபடி அன்று மேலாக மரத்தூள் இரண்டு மூட்டை தூவித் தண்ணீர் தெளித்தால் மண் பொதபொதவென்று இருக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சரிவு கொடுங்கள்.

கோடு போடச் சுண்ணாம்பு கூடவே கூடாது. வேர்வையோடு கண்ணில் பட்டால் எரித்துவிடும். வெள்ளைக் கோலப்பொடி வாங்குங்கள், அது கல்மாவு.

வாலிபாலைச் சைக்கிள் பம்பால் கல்லாக அடித்துவிடுவார்கள். காற்றழுத்தம் நாலரை பி.எஸ்.ஐ.தான். ஊசியை எச்சில் தொட்டாவது ஈரமாக்கித்தான் செருக வேண்டும், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.

டெல்டா_வார்டு

நன்றி அண்ணே, கம்பம் விஷயம் யாருமே சொல்லவில்லை. ஷட்டிலை வெளியே போட்டால்? அப்புறம் லைட்டுக்கு எத்தனை வாட்?

நடுக்கோடு

ஷட்டில் விடிகாலையில் மட்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் வந்துவிடும். நைலான் ஷட்டில் காக்கில் பச்சை வளையம் போட்டது வாங்குங்கள். அது மெதுவான ரகம். நம் ஊர் வெக்கையில் நீலமும் சிவப்பும் கோட்டைத் தாண்டிப் போகும்.

லைட்டுக்கு நாலு கம்பம், ஒவ்வொன்றிலும் 200 வாட் எல்.இ.டி., உயரம் 8 மீட்டர். நீளப் பக்கங்களில் நடுங்கள். முனைகளில் நட்டால் சர்வீஸ் எடுக்கிறவன் கண்ணுக்கு நேரே அடிக்கும். 800 வாட், ராத்திரி இரண்டரை மணி நேரம் என்றால் 2 யூனிட். மாதம் 25 நாளுக்கு 50 யூனிட். எர்த் போடாமல், மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைக்காமல் ஈரத் திடலில் இரும்புக் கம்பத்துக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது.

கம்பு_சுத்தி

சிலம்பத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம். ஹாலுக்குள் முடியாது, ஃபேன் தப்பாது. கம்பு அவரவர் நெற்றி உயரம். 12 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் கம்பைக் கொடுத்தால் மணிக்கட்டு வலித்து ஒரு வாரத்தில் நின்றுவிடும். ஆளுக்கு ஆள் 15 அடி இடைவெளி விட்டால் உங்கள் திடலில் 24 பேர் சுற்றலாம். நுனி பிளந்த கம்பை அன்றைக்கே ஒதுக்குங்கள், சிராய் கண்ணில்தான் பாயும்.

பெண் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குகிறபோது "பையன்கள் முடித்த பிறகு" என்று வைக்காதீர்கள். பையன்கள் முடிக்கவே மாட்டார்கள். செவ்வாய், வியாழன் மாலை 5 முதல் 6.30, ஞாயிறு காலை என்று திடல், ஹால் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் பையன்களை விட்டால் வேடிக்கை பார்க்கிற கூட்டம் சேரும், அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். அந்த நேரத்தில் பெரியவர்களில் இரண்டு பெண்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். கழிவறைக்கு உள்தாழ்ப்பாளும் பல்பும் டேபிள் டென்னிஸ் மேஜைக்கு முன்னால் வாங்க வேண்டியவை.

கணக்குப்பிள்ளை

தம்பி, மண் கொட்டுவதற்கு முன்னால் அந்த வாய்வார்த்தையைக் காகிதமாக்குங்கள். ஏழு பேர் சேர்ந்து, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதியுங்கள். ஆணையருக்கு மனு, மன்றத் தீர்மானம், அதன் பேரில் எழுத்து உத்தரவு. உத்தரவில் எத்தனை வருடம், கரண்ட் பில் யார், ரிப்பேர் யார் என்பது வர வேண்டும். பில் யாருக்கு என்று எழுதாத இடத்தில்தான் முதலில் ஃபியூஸ் பிடுங்கப்படும்.

கிராவல், லைட் கம்பம் மாதிரி நிரந்தர வேலையை உங்கள் ஒன்றரை லட்சத்தில் இழுக்காதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று கட்டினால் மீதி அரசு போடும். கவுன்சிலர் மூலம் எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். கபடி, வாலிபால், சிலம்பம் மூன்றுமே முதலமைச்சர் கோப்பையில் இருப்பவை. மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பார்த்தால் பயிற்சியாளர் யாரென்றாவது தெரியும்.

இன்னொன்று: சமுதாயக்கூடம் என்றால் தேர்தலில் வாக்குச்சாவடி, புயலில் நிவாரண முகாம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் இந்த மாதிரிக் கூடங்களில்தான் ஜனம் தங்கியது. ஒரு மணி நேரத்தில் ஹாலைக் காலி செய்கிற மாதிரி இருக்க வேண்டும். மேஜை மடக்கிச் சக்கரத்தில் தள்ளுகிற ரகமாக வாங்குங்கள். மற்றதெல்லாம் இரண்டு இரும்பு பீரோவில், கதவின் உள்பக்கம் பட்டியல் ஒட்டி: கேரம் காய் வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 என்று செட் செட்டாக. பூட்டுகிறவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவியைக் கைமாற்ற வேண்டும். சாவி மூன்று: சங்கத்தில் ஒன்று, பெண்கள் நேரப் பொறுப்பாளரிடம் ஒன்று, நகராட்சி அலுவலகத்தில் ஒன்று. ஒரே சாவியை ஒரே ஆளிடம் கொடுத்தால், அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் மையத்துக்குப் பத்து நாள் லீவு.

டெல்டா_வார்டு

திங்கட்கிழமை மனு எழுதப் போகிறோம். பெண்கள் நேரத்தையும் கிழமை போட்டு மனுவிலேயே சேர்த்துவிடட்டுமா?

கணக்குப்பிள்ளை

சேருங்கள். தீர்மானத்தில் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் மாற்றக் கேட்க முடியாது. மனு இரண்டு நகல், ஒன்றில் தபால் பிரிவு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.